சாமிக்கு விட்ட கால் சுற்று

சபரியின் கம்பியும் வீணாய்ப் போனது.

கடைசல் லேத் ஒருமுறை கிறீச்சிட்டது. கம்பி வேண்டியதைவிட ஒல்லியாகிவிட்டது. முதலாளி அதை அளந்துகூடப் பார்க்கவில்லை. பழைய இரும்புத் தொட்டியில் போட்டார்.

வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

வரிசையில் நின்ற அவள் கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்விப் பிரிவு. படிப்பு ஏறாதவர்கள் போய் விழும் இடம் என்று ஊரில் பெயர். அந்தப் பிரிவுப் பிள்ளைகளுக்காக சார் வேலை கேட்டுப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியிருந்தார். ஊர்ப் பிள்ளைகள் என்றாலே எல்லோரும் ஆளை விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஊர்ப் பிள்ளை நோம்பி, பண்டிகைக்கு லீவு கேட்கும். வடக்கத்திப் பையன் ஷெட்டிலேயே படுத்துக்கொள்வான், கூப்பிட்ட நேரத்துக்கு எழுந்து வருவான்.

கடைசியில் இந்தப் பம்பு பட்டறை முதலாளிதான் மனமிரங்கினார். அழைத்து வாருங்கள், பார்க்கலாம் என்றார். உடனே பள்ளிக்கூட வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை.

வேலை ஒன்றே ஒன்றுதான். அதை இங்கே வந்து இறங்கிய பிறகுதான் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு கம்பி, சொன்ன அளவுக்குக் கடைந்து காட்டுபவருக்கு வேலை.

அது அவளுக்குக் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் நூல் மில் ஹாஸ்டல். அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள். அந்த ஹாஸ்டலுக்குப் போன அக்கா நெஞ்சு நிறையப் பஞ்சுத்தூசியோடு திரும்பி வந்தாள். இப்போது ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே இளைக்கிறது அவளுக்கு. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அம்மா இவளையும் போகச் சொல்கிறாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற ரஞ்சனியின் வீட்டிலும் இதே பேச்சுத்தான்.

அடுத்தவன் கம்பியும் கெட்டது. அதற்கடுத்தவனுடையதும்.

"எல்லாருமே ஒரே மாதிரி கெடுக்கறாங்களேங்க வாத்தியாரே. நல்லாத்தான் பழக்கி உட்டிருக்கறீங்க" என்றார் முதலாளி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சாருக்கு முகம் செத்துவிட்டது.

"பசங்க பயந்துக்கறாங்கங்க. நான் காட்டறேன் பாருங்க."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு லேத்தின் முன்னால் போய் நின்றார். கைப்பிடியைப் பிடித்தார். கால் சுற்று சுற்றினார். அதன் பிறகுதான் எண்ண ஆரம்பித்தார்.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்து லேத் அவள் பிறப்பதற்கு முன்பே வந்தது. கைப்பிடியில் அத்தனை ஆட்டம். கால் சுற்று சும்மா ஓடும், அதற்கப்புறம்தான் டூல் நகர்ந்து கம்பியைச் சீவும். அளவுக் கோடுகளும் தேய்ந்துபோய்விட்டன. அதனால் சார் ஒரு வழி சொல்லி வைத்திருந்தார். முதல் கால் சுற்று சாமிக்கு, மிச்சம்தான் நமக்கு.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு வருஷமும் சாமிக்கு விட்டே பழகினார்கள். இப்போது யோசிக்கவே வேண்டாம், கை தானாக விடும்.

இது புது லேத். தொட்டதும் டூல் நகர்கிறது. இங்கே சாமிக்கு விட்டால் அது கம்பியைத்தான் தின்னும்.

கிறீச்சென்றது.

சார் கம்பியைப் பார்த்தபடியே நின்றார். ஏன் இப்படி ஆனது என்று அவருக்குப் புரியவில்லை. அத்தனை வருஷமாக அந்தப் பழைய லேத் ஒன்றோடே மல்லுக்கட்டிய கை அது.



அவள் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். சாரின் மானம் மிஞ்சும். கெடுத்தவர்களுக்கெல்லாம் இன்னொரு கம்பி கிடைக்கும்.

சபரி அவளைவிட நன்றாகக் கடைவான். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"அடுத்தது யாரு?" என்றார் முதலாளி.

அவள் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். கை பழக்கத்தில் அந்தக் கால் சுற்றுக்குத் துடித்தது. பல்லைக் கடித்து அடக்கினாள். முதல் கோட்டிலிருந்தே எண்ணினாள்.

இரும்புச் சுருள் அறுபடாமல் நீளமாக வந்து விழுந்தது.

முதலாளி அளந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் அளந்தார். "பரவால்லீங்க. இந்தப் புள்ளைக்குக் கை படிஞ்சிருக்குது."

"நான் பழக்குன ஸ்டூடண்ட்டுங்க" என்றார் சார்.

அவளால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இனி ரஞ்சனி ஒருத்திதான் பாக்கி. அவள் எதிரில் வந்து இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, நீயும் சாமிக்கு உட்டுத்தான பண்ணுன?"

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

"ஆமா" என்றாள்.

ரஞ்சனிக்கு முகம் தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டு லேத்தை நோக்கிப் போனாள்.

இவள் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வெளியே அவர்களை அழைத்து வந்த வண்டி டிரைவர் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரையே பார்த்தாள்.

பின்னால் அதே கிறீச்சென்ற சத்தம் வந்தது.

தோள் குலுங்காமல் பார்த்துக்கொண்டாள்.

முதலாளி அவளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். திங்கட்கிழமையே வந்துவிடச் சொன்னார். கைதட்டினார்கள்.

முதலில் தட்டியது ரஞ்சனி.