புள்ளி காட்டும் வரி

“தெரியல மேடம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு உறைத்தது. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற ரேடியோ தரையைப் பார்த்தாள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். விடுதியில் என் அறைத்தோழி. எனக்குக் கீழ்க்கட்டில், அவளுக்கு மேல்கட்டில்.

மேடத்தின் மேசையில் இரண்டு கம்ப்யூட்டர் நிரல்கள் அச்சடித்துக் கிடந்தன. ஒன்றில் என் பெயர், மற்றதில் அவள் பெயர். மற்றபடி ஒரு கமா கூட மாறவில்லை.

தேர்வு அறையில் ஒரே பாடம் எழுதுகிறவர்கள் அடுத்தடுத்து உட்காராதபடி இடம் பிரிக்கும் நிரல். காப்பியடிப்பதைத் தடுக்கத்தான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை.

எழுதியது நான். கம்ப்யூட்டர் லேப்பில் கண் பூத்துப்போகும்வரை உட்கார்ந்து எழுதினேன்.

“ஆரம்பத்தை மட்டும் பார்த்துட்டுத் தர்றேன்டி” என்று ரேடியோ பென்டிரைவைக் கேட்டாள். கொடுத்தேன். அதில் இருந்தது முடித்த நிரல் மட்டும். அடித்தும் திருத்தியும் எழுதியதெல்லாம் லேப் கம்ப்யூட்டரோடு போயிற்று. சாயங்காலம் ஆனால் அதில் இருக்கிற எல்லாவற்றையும் துடைத்துவிடுவார்கள்.

இரண்டு தாளிலும் மேடம் ஒரே வரியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். திரையில் ஒரு புள்ளியைக் காட்டும் வரி.

“இது எதுக்கு இங்க?”

முதலில் ரேடியோவைத்தான் கேட்டார்.

“பாக்கறவங்களுக்காக மேடம். உள்ள வேலை நடக்குதுன்னு தெரியணும்ல? இல்லன்னா ஹேங் ஆயிடுச்சுன்னு மூடிடுவாங்க.”

அழகான பதில். எனக்கே அது உண்மை என்று தோன்றியது.

அடுத்து நான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஏதோ சோதித்துப் பார்க்க அந்த வரியைப் போட்டேன். பிறகு எடுத்தேன். நிரல் பாதியில் நின்றது. திரும்பப் போட்டேன், ஓடியது. எடுத்தேன், நின்றது. கும்பிடு போட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

“தெரியல மேடம். எடுத்தா நின்னுடுது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “ஏம்மா, பெத்தவளுக்குப் பிள்ளை பேரு தெரியல, பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியுதா?”

நாளைக் காலை அந்த ஒரு வரிக்குப் பதிலோடு வர வேண்டும் என்றார். இல்லையென்றால் திருடியவள் என்று என் பெயர் துறைத் தலைவரிடம் போகும். ஒரு வருஷம் கல்லூரிக்கு வெளியே. எனக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. அதனால் அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதுகூட ‘எம்பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது’ என்று சொல்லும் அப்பா.

வெளியே வந்ததும் ரேடியோ என் கையைப் பிடித்தாள்.

“நான் சொன்னதையே நீயும் சொல்லிடுடி. சேர்ந்து செஞ்சோம்னு முடிச்சுக்கலாம். ரெண்டு பேரும் தப்பிச்சிடுவோம்.”

“நான் அதுக்காகப் போடல.”

“எதுக்காகன்னுதான் சொல்லித் தொலையேன்!”

அது தெரிந்திருந்தால் மேடத்திடமே சொல்லியிருப்பேனே.

அவள் சொன்னதைச் சொன்னால் வருஷம் பிழைக்கும். ஆனால் அதோடு அந்த நிரல் அவளுடையதும் ஆகிவிடும். மாட்டேன். என்ன ஆனாலும் மாட்டேன்.

இப்போது அறையில் விளக்கில்லை. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மேல்கட்டில் கிறீச்சிடுகிறது. ரேடியோ முதல்முறையாகப் பேசாமல் விழித்திருக்கிறாள்.

நாளை போவேன். மேடத்தின் கண் முன்னால் அந்த வரியை எடுத்துக் காட்டுவேன். நிற்கும். திரும்பப் போடுவேன். ஓடும். ஏன் என்று கேட்பார். மறுபடியும் தெரியவில்லை என்றுதான் சொல்வேன்.

எழுதியவளுக்கும் தெரியாது, திருடியவளுக்கும் உண்மையில் தெரியாது. அந்த இரண்டு ‘தெரியாது’வில் என்னுடையது எது என்று எப்படிக் காட்டுவேன்?