லபாடிக்கு ஒரு ஜன்னல் சீட்

ட்ரோட்ரோ வேன் அக்ராவின் சர்க்கிள் சந்திப்பை விட்டுக் கிளம்பியபோது டெடே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைக்கு மேலே ஒரு சாலை போனது. அதற்கும் மேலே இன்னொன்று. அவளுக்குத் தெரிந்த சர்க்கிளில் ஒரு ரவுண்டானாவும், நடுவில் கொஞ்சம் புல்லும், அந்தப் புல்லில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் ஆட்களும்தான்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வெயில் குத்தியது. மாட்டிக்கொண்டாள். மனம் கேட்காமல் மறுபடியும் கழற்றினாள்.

கதவில் தொங்கியபடி ஆள் கூப்பிடும் கண்டக்டர், மேட் லான்டே, இதைக் கவனித்துவிட்டான். தலை நரைத்தும் குறும்பு போகாதவன்.

"என்ன ஆன்ட்டி, இப்பத்தான் ஏரோப்ளேன்லேருந்து இறங்கினீங்களா?"

வேனே சிரித்தது. டெடேயும் சிரித்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பக்கத்தில் கெங்கே என்கிற புளித்த சோளமாவு உருண்டைகள் நிறைந்த பாத்திரத்தை மடியில் வைத்திருந்த பருத்த பெண் திரும்பினாள். "நம்ம அக்ராவைப் பாத்து எத்தனை வருஷமாச்சு?"

"பத்து வருஷம் இருக்கும்க்கா."

"அடியாத்தீ! எந்த ஊர்ல இருந்தே?"

டெடே கொஞ்சம் யோசித்தாள். "வெளிச்சமே இல்லாத ஊரு."

"அப்ப லண்டன்தான்." பின்சீட்டில் டை கட்டியிருந்தவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "என் மச்சான் அங்கதான் இருக்கான். சூரியனை போட்டோவுலதான் பாக்கணுமாம்."

"பாவம், எப்படி இளைச்சுப் போயிருக்கா பாரு. அங்க கெங்கே ஏது?" என்று சொல்லி, சோளமடல் சுற்றிய சூடான உருண்டை ஒன்றை அந்தப் பெண் டெடேயின் கையில் திணித்தாள்.

அதற்கப்புறம் வண்டியில் இருந்த அத்தனை பேரும் அவளுக்கு ஊர் சுற்றிக் காட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"அந்தக் கண்ணாடிக் கட்டடம் பாத்தீங்களா, பேங்க்கு."

"பேங்க்கா? யோவ், அது இன்சூரன்ஸ் ஆபீஸ்யா."

"நான் தினம் நாலு தடவ இந்தப் பக்கம் வர்றவன், எனக்கே சொல்றியா?"

மேட்டும் டைக்காரரும் முட்டிக்கொண்டார்கள். டெடேக்கு அது பேங்க்காக இருந்தால் என்ன, மாட்டுக்கொட்டகையாக இருந்தால் என்ன. சிக்னலில் ஒரு பெண் வாழைக்காய் வறுவல் பொட்டலங்களைத் தலையில் அடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அந்த மஞ்சளையே டெடே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு மஞ்சளா!

ஓசு தாண்டியதும் வலதுபக்கம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, கடல் ஒரு விரற்கடை அகலத்துக்குத் தெரிந்து மறைந்தது. யாரும் அதைக் காட்டவில்லை. அவளாகவே பார்த்தாள்.

லபாடி வந்தது.

"லண்டன் ஆன்ட்டி, எங்க இறங்கணும்?"

"சோள மில்லுகிட்ட."

"லபாடியில தெருவுக்கு ஒரு மில்லு இருக்கே. அடையாளம் சொல்லுங்க."

"எதிர்க்க ஒரு வேப்ப மரம். ஒரு நீலப் பெட்டிக்கடை."

லான்டே உதட்டைப் பிதுக்கினான். "வேப்ப மரமா? இந்த ரோட்டுல மரத்தையெல்லாம் வெட்டி எத்தனையோ வருஷமாச்சே."

டெடே ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். இருபுறமும் மாடி வீடுகள், செல்போன் கடைகள், பளபளக்கும் தட்டிகள். ஒன்றையும் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. மகள் வரும்வரை காத்திரு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஒரு தடவையாவது தனியாகப் போய் வீட்டு வாசலில் நிற்கவேண்டும் என்ற வீம்பில் கிளம்பி வந்திருந்தாள். இன்றைக்கு வழி தவறினால் இனி ஒருநாளும் அவளைத் தனியாக விடமாட்டார்கள்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.

டெடே கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மூடியதும் ஊர் திரும்பி வந்தது. முதலில் திறந்த சாக்கடை. அப்புறம் மீன் சுடும் அடுப்புகளின் புகை. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கித் தூக்கிப் போட்டது. தூரத்தில் பெல்ட் தளர்ந்த மில் தடதடத்தது. புளித்த சோளமாவின் வாசனை மூக்கில் ஏறியது.

"இங்கதான்! மேட், நிறுத்து!"

பிரேக் கிறீச்சிட்டது. கெங்கேக்காரி தொடையில் தட்டிச் சிரித்தாள். "அடடா, லண்டன்காரி கண்ண மூடிக்கிட்டே கண்டுபிடிச்சிட்டாளே!"

பத்து வருடமாக டெடே இந்த வழியில் போய்வந்தது அப்படித்தான். மகள் ஆயோர்கோரின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இருட்டில். இரு கண்களிலும் பாலாடைபோல் புரை படர்ந்திருந்தது; வலது கண்ணுடையதை நேற்று சர்க்கிள் பக்கத்து ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்தது இன்று காலையில்தான்.

இறங்கி நின்றாள். வேன் கையசைப்புகளோடு புழுதியில் மறைந்தது.

"அண்ணே, சர்க்கிள் போகுமா? கொஞ்சம் இடம் குடுங்கண்ணே, அம்மாவக் கூட்டிட்டு வரணும்!"

சாலைக்கு எதிர்ப்புறமிருந்து கேட்டது. அது ஆயோர்கோரின் குரல்.

டெடே திரும்பினாள். சிவப்புத் துணியைத் தலையில் கட்டிய நெட்டையான பெண் ஒருத்தி, இடுப்பில் கைவைத்து, இடமில்லாமல் கிளம்பிப்போன வண்டியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அகன்ற நெற்றி, அப்படியே அவள் அப்பாவுடையது. கன்னத்தில் ஒரு குழி. அது எப்போது விழுந்ததோ.

கூப்பிட வாயெடுத்தாள் டெடே. கூப்பிடவில்லை. அடுத்த வண்டி வர இன்னும் நேரமிருந்தது.

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

கடைசியாக அவள் பார்த்தபோது அந்த முகத்துக்குப் பன்னிரண்டு வயது.