ஈரத் துண்டு

ஆற்றுத் தண்ணீரில் ஓடுகிற அந்த மாவு ஆலையில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு. சக்கரத்தில் பாசி சுரண்டக் கீழே இறங்குகிறவன் தன் துண்டை மதகின் கைப்பிடியில் போட்டுவிட்டு இறங்குவான். அவனே ஏறி வந்து அதை எடுக்கிற வரைக்கும், தலைபோகிற அவசரமானாலும் மதகைத் திறக்கக் கூடாது. அன்றைக்கு இளையபெருமாள் கீழே இருந்தபோது தூறல் விழுந்தது. ஏறி வந்தால் தலை துவட்டிக்கொள்ளட்டுமே என்று மதகுக்காரர் தவசிமுத்துதான் அந்தத் துண்டை எடுத்துப்போய் உள்ளே கொடியில் காயப்போட்டார். அவர் திரும்பி வருவதற்குள், வெறும் கைப்பிடியைப் பார்த்த முதலாளி மதகைத் திறந்துவிட்டார்.

இளையபெருமாளின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கைப்பிடியில் ஒரு துண்டு தொங்கியது. சித்திரை வெயிலிலும் அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சக்கரம் நின்று எட்டு நாளாயிற்று.

"எடுத்து எறிஞ்சிட்டுத் திறய்யா. சனம் கேப்பையோட காத்துக் கிடக்கு" என்றார் முதலாளி.

"அவனவன் துண்டை அவனவன்தான் எடுக்கணும் முதலாளி" என்றார் தவசிமுத்து.

கடைசியில் இளையபெருமாளின் மனைவி சுடலைவடிவை அழைத்து வந்தார்கள். அவள் துண்டின் கரையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அவரு துண்டு என் வீட்டுல காஞ்சு கிடக்குண்ணே. இது உங்களுதுல்லா?"

தவசிமுத்து தோளைத் தடவினார். எட்டு நாளாகத் தோளில் துண்டில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கீழே, பாசி சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"நான் வந்து எடுக்கிற வரைக்கும் தொட்டுறாதீங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, அவர் ஏணியில் காலை வைத்தார்.