பூ இல்லாத காலத்துக் கல்

எண்ணெய் இருப்பதாகச் சொல்லிச் சுரங்க நிறுவனம் அனுப்பிய களிப்பாறைத் துண்டைச் செண்பகவல்லி மூன்றாம் முறையாகச் சோதித்தாள். பூக்கும் செடிகள் மட்டுமே விட்டுச்செல்லும் மூலக்கூறு மறுபடியும் தெரிந்தது. பாறைக்கு வயது இருபத்தெட்டுக் கோடி ஆண்டு. அப்போது பூமியில் ஒரு பூகூடக் கிடையாது. எங்கிருந்தோ கொண்டுவந்த எண்ணெயில் கல்லை ஊறவைத்திருந்தார்கள்.

அறிக்கையைப் படித்த ஆய்வகத் தலைவர் தணிகாசலம் சிரித்தார்.

“பூவாவது, காயாவது! அந்த ஒரு வரிய எடுத்துடும்மா. சுரங்கம் வரணும்னு மேல முடிவாயிடுச்சு. நாலு ஊரையே காலி பண்ணப் போறாங்க, நீ பூவப் பத்திப் பேசிக்கிட்டிருக்க.”

அந்த மூலக்கூறைப் பற்றி எழுதித்தான் அவர் முனைவர் பட்டமே வாங்கியிருந்தார். ஒன்பது வருடமாக இந்த ஆளுக்கா எழுந்து நின்றோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“எடுக்க மாட்டேன்.”

“அப்ப நானே எடுத்துக்கறேன்.” அவர் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“தேதியும் போடுங்க,” என்றாள். ‘சார்’ என்ற சொல் வாயில் வரவில்லை. “நாலு ஊருக்கும் நகல் கொண்டுபோறேன். அடிச்ச கை யாருதுன்னு அவங்களுக்குத் தெரியணும்ல.”

தேதியின் முதல் எண்ணிலேயே அவர் பேனா நின்றுவிட்டது.