வரலாற்றுத் தேர்வில் காராமணி

மாலி நாட்டின் சேகு நகரத்தில் ஒரு மாலைப் பள்ளி. ஜன்னல் வழியே சாய்ந்து விழும் வெயிலில் நாசிரா திராவொரேயின் நெற்றி வியர்வை மின்னுகிறது. வரலாற்று வாய்மொழித் தேர்வில் இது அவளுக்கு மூன்றாவது முயற்சி. தேறினால்தான் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. தலைநகரத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். "குலங்களுக்குள்ள பகை வராம இருக்க, மாலிப் பேரரசோட பெரிய சபை என்ன வழக்கம் ஏற்படுத்துச்சு?" என்று எங்கள் ஆசிரியர் ஜாரா கேட்கிறார். நாசிரா கூரையைப் பார்க்கிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. பின் பெஞ்சில் இருக்கும் எனக்கு விடை தெரியும், ஆனால் சரியா என்று சந்தேகம். மடியில் நோட்டைப் புரட்டுகிறேன். ஆசிரியர் தொண்டையைச் செருமுகிறார். "என்னம்மா, திராவொரே வீட்டுல காராமணியத் தின்னு தின்னு மூளை அடைச்சுப்போச்சா?" நாசிராவின் முதுகு நிமிர்கிறது. ஜாரா குலத்தவர் ஒருவர் கேலி செய்து திராவொரே குலத்தவர் ஒருவர் சும்மா இருந்ததாக எந்தப் பாடத்திலும் இல்லை. "யாரு நாங்களா? எங்க தாத்தா குதிரையேறிப் போருக்குப் போனப்ப, காராமணிப் பானையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்தவரு உங்க தாத்தாய்யா!" "அப்புறம் ஏன் உங்க தாத்தா பாதியில ஓடி வந்தாரு?" "பானைய நீங்க காலி பண்ணிருவீங்கன்னுதான்!" வகுப்பே மேசையைத் தட்டுகிறது. ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். ஆய்வாளர் அம்மாள் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டே சொல்கிறார். "குலத்துக்குக் குலம் கேலி பேசலாம், கேட்டவங்க கோபப்படக் கூடாது. விடைய செஞ்சே காட்டிட்டாங்க. முழு மதிப்பெண்." நாசிரா திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரை நோக்கிக் கையை நீட்டி நிறுத்துகிறாள். "கொஞ்சம் இருங்கம்மா, முதல்ல இந்தாளு வாய அடைச்சுட்டு பதில் சொல்றேன்."