வெறும் தண்ணீர் வரிசை

“செடிய மாத்தி வச்சிட்டியளா அக்கா? வெறும் தண்ணி விட்ட வரிசைல்லா நல்லா பூத்திருக்கு!”

உரக் கம்பெனியிலிருந்து வந்த பெனின் இரண்டு ஆந்தூரியப் பூச்செடி வரிசைகளையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றுக்குக் கம்பெனியின் புது வளர்ச்சி மருந்து. இன்னொன்றுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர். நர்சரி நடத்தும் ஜாஸ்பினிடம் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“மாத்தல தம்பி” என்றாள் ஜாஸ்பின்.

கல்யாணமாகி நான்கு வருடம். பிள்ளை இல்லை. இருவருக்கும் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லியும், மாமியாரின் நாத்தனாரும் அடுத்த வீட்டுக்காரியுமான தங்கபாய், யாரோ வைத்தியரிடம் மருந்துப்பொடி வாங்கி வந்து கொடுத்தாள். மாமி நேசபாய் தினமும் காலையில் டம்ளர் நிறைய கறுப்பாக எதையோ காய்ச்சி நீட்டுவாள்.

அதைக் குடித்தால், குறை தன்னிடம்தான் என்று தானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்று ஜாஸ்பினுக்குத் தோன்றியது. மாட்டேன் என்று மாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் வரவில்லை. “செடிக்குத் தண்ணி விட்டுட்டே குடிக்கேன் மாமி” என்று நர்சரிக்குக் கொண்டுபோவாள். ஒரு வாய்கூடக் குடிக்காமல் வெறும் தண்ணீர் வரிசையில் ஊற்றிவிடுவாள். கம்பெனி மருந்து வரிசையில் ஊற்றினால் சோதனை கெட்டுவிடுமே என்ற கவனம் வேறு.

“இதுல என்னமோ ஊத்தியிருக்கிய. பாருங்க, தொட்டியெல்லாம் எறும்பு” என்றான் பெனின்.

“என்ன மக்கா சத்தம்?” நேசபாய் வந்துவிட்டாள்.

“இந்த வரிசைக்கு யாரோ வேற மருந்து விட்டிருக்காங்க அம்மா.”

நேசபாய் எறும்புகளைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். ஜாஸ்பின் தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு வருடமாக ஒரு கடுஞ்சொல் சொல்லாத மாமி. இனி எப்படி முகத்தில் விழிப்பது?

“மருந்தும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அது கருப்பட்டித் தண்ணி. காலைல ஒரு டம்ளர்” என்றாள் நேசபாய்.

“போச்சு! இனி மொதல்லயிருந்து செய்யணும்.”

“செஞ்சாப் போச்சு. இல்லேன்னா உனக்க கம்பெனிக்காரன்கிட்ட கருப்பட்டி விக்கச் சொல்லு.”

பெனின் சிரித்துவிட்டான். புதுச் செடிகளோடு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று சொல்லி பைக்கைக் கிளப்பினான்.

சத்தம் தேய்ந்ததும் ஜாஸ்பினின் கண்கள் நிறைந்தன. “எனக்காண்டி எதுக்கு மாமி பொய் சொன்னிய? அந்த மருந்த நான்தான் டெய்லி...”

“ஏட்டி, நான் எப்ப பொய் சொன்னேன்?” நேசபாய் முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள். “தங்கபாய்க்க கண்ணுக்கு நீ என்னமோ குடிக்கது மாதிரி இருக்கணும். இல்லேன்னா அவ வாய் ஓயாது. உங்கிட்ட சொல்லியிருந்தா உனக்க மூஞ்சே காட்டிக் குடுத்திருக்கும். அவ தந்த பொடி அன்னைக்கே தென்ன மரத்து மூட்டுக்குப் போயாச்சு மக்கா. கருப்பட்டியத் தவிர வேற ஒண்ணும் நான் அந்த டம்ளர்ல போட்டதே இல்ல.”