செவ்வரளி வந்தால் புருனே

“எல்லாரும் கவனமாக் கேட்டுக்கங்க! இந்த வம்சத்தோட தலையெழுத்தை இன்னைக்கு அய்யனாரு தீர்மானிக்கப் போறாரு. பெத்தவன்னு நான் ஒரு வார்த்தை குறுக்க பேச மாட்டேன். சத்தியம்!”

கருத்தப்பாண்டி இரண்டு கைகளையும் தூக்கி அறிவித்தார். திருச்சுழிச் சாலையை விட்டு விலகி, கருவேலங்காட்டுக்குள் இருந்த குலசாமி கோயிலில் அதைக் கேட்டவர்கள் ஐந்து பேர். பூசாரி இருளப்பசாமிக்குக் காது மந்தம் என்பதால் நாலு பேர் என்றும் கொள்ளலாம்.

விஷயம் இதுதான். மகன் காளீஸ்வரனுக்குப் புருனே நாட்டில் வேலை வந்திருந்தது. பண்டார் செரி பெகாவான் என்ற ஊரில், தண்ணீர் சுத்திகரிக்கிற இடத்தில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டிப் போகலாம். இங்கே அருப்புக்கோட்டை மில்லில் அவனுக்கு வாரத்துக்கு மூன்று நாள்தான் ஷிப்டு.

“ரொம்ப அமைதியான ஊராம் மாமா. ரோட்டுல ஹாரனே அடிக்க மாட்டாகளாம்,” என்றாள் மருமகள் ஜெகதீஸ்வரி.

“ஹாரன் அடிக்காத ஊருல எவனுக்கு எவன் வழி விடுவான்?”

“தெனமும் மழை பெய்யுமாம்.”

“சளி பிடிக்கும்.”

“இதுக்குப் பேருதான் குறுக்க பேசாம இருக்கிறதா?” என்றாள் அவர் மனைவி தங்கத்தாய்.

கருத்தப்பாண்டி வாயை மூடிக்கொண்டார். ஆனி மாதக் கடைசியில் வேலைக்கான ஆர்டர் வந்தபோதும் இப்படித்தான். “ஆடியில நல்லது கெட்டது எதையும் பேசப்படாது. ஆவணி பிறக்கட்டும். கம்பெனிக்காரன் எங்க ஓடிப் போறான்?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஆவணி பிறந்தது. “சாமிகிட்டயே பூக்கட்டிக் கேட்டுருவோம்பா” என்று சொன்னவன் காளீஸ்வரன். டிப்ளமோ படித்த பயலுக்குப் பூவில் இத்தனை நம்பிக்கையா என்று அவருக்கே ஆச்சரியம். அது மட்டுமா? பூசாரி கட்ட வேண்டிய பொட்டலத்தை, “அப்பா கையாலயே கட்டட்டும், அதுதான் மொறை” என்றும் சொல்லிவிட்டான்.

செவ்வரளி வந்தால் புருனே. வெள்ளரளி வந்தால் இங்கேயே இருப்பது.

கருத்தப்பாண்டி தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு வாழையிலைத் துண்டுகளில் பூவை மடித்து நாரால் கட்டினார். சாமி காரியத்தை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதாம். ஈரவேட்டியோடு வந்து இரண்டையும் அய்யனார் காலடியில் வைத்தார். சூடம் எரிந்தது.

“கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை எடு தாயி,” என்றார் பூசாரி.

பேத்தி சுகப்பிரியா, ஐந்து வயது, ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். இருளப்பசாமி நாரை அறுத்துப் பிரித்தார்.

வெள்ளரளி.

“உத்தரவு ஆயிருச்சு! புள்ள இங்கனயே இருக்கட்டும்!” காது மந்தமானவர் என்பதால் பந்தல்குடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்தச் சத்தத்துக்கிடையே மற்றப் பொட்டலத்தைக் கருத்தப்பாண்டி மடியில் செருகிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை.

“அப்ப நாம ஏரோப்ளேன்ல போகலையாம்மா?” என்றாள் சுகப்பிரியா. ஜெகதீஸ்வரி தூண் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சாமியே சொன்னப்புறம் என்ன இருக்கு? விடுங்க,” என்றான் காளீஸ்வரன். கோபம் இல்லை, முனகல் இல்லை. அந்த வெள்ளைப் பூவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கருத்தப்பாண்டி சொந்த மண்ணின் பெருமை பற்றிப் பேசுவதற்கு ஒரு பிரசங்கம் தயாராக வைத்திருந்தார். அதை விட்டுவிட்டு மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“சந்தோசந்தான?” தங்கத்தாய் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். “இனி மூணு நாளு மில்லுக்குப் போவான். மிச்ச நாலு நாளும் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடப்பான்.”

பொங்கல் பானையைக் கழுவக் காளீஸ்வரன் அடிபம்புக்குப் போனான். கருத்தப்பாண்டியும் பின்னாலேயே போனார். பம்பு நாலு அடிக்குக் காற்றையும் ஐந்தாவது அடிக்கு ஒரு வாய்த் தண்ணீரையும் கொடுத்தது. அவன் அடித்துக்கொண்டே இருந்தான். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே காளி... இங்க பாரு.”

மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அதிலும் வெள்ளரளி.

“செவப்பு நான் கட்டவே இல்லடா. நீங்க மூணு பேரும் போயிட்டா நானும் உங்காத்தாளும் அந்த வீட்டுல யாரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்க? பயந்துட்டேன். தப்புதான். சாமிக்கு ஒரு கெடா வெட்டி நான் சமாதானம் சொல்லிக்கிறேன். நீ என்னைய மன்னிச்சிரு. போயிட்டு வா. இப்பவே போனைப் போட்டு வாரேன்னு சொல்லு.”

அறுபத்து நாலு வயதில் அவர் ஒரு மனிதரிடம் கேட்ட முதல் மன்னிப்பு அது. கண் கலங்கிவிட்டது.

காளீஸ்வரன் பம்பை விட்டான். ஆனால் போனை எடுக்கவில்லை.

“எடுடா. டவரு இருக்குல்ல?”

“இருக்குப்பா.”

“பெறகென்ன?”

அவன் ஜெகதீஸ்வரி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“ரெண்டுலயும் வெள்ளைதான் இருக்கும்னு எனக்குத் தெரியும்ப்பா. அதுக்குத்தான் உங்களையே கட்டச் சொன்னேன். நம்ம பதில் வரலைன்னு ஆடி பதினெட்டு அன்னைக்கே கம்பெனியில வேற ஆளைப் போட்டுட்டாக.”